உனக்கு ஒண்ணும் இல்லை

இந்த அறையில் இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரத்தில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஐயா. ஆலோசனை சொல்கிறவர் மேலேயும் கேட்க வந்தவர் கீழேயும் உட்கார்ந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும் என்று முதல் பருவத்திலேயே படித்தோம். போதகர் ஒரு மாணவியோடு பேசும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும் என்ற இந்தப் பல்கலைக்கழகத்து விதியும் நல்ல விதிதான், காற்று வருகிறது. தேநீரும் பிரமாதம். நீங்கள்தான் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் சில்வண்டும் அவளுடைய அம்மாவும் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். நான் போய் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவள் மறுபடி பாடுவாள் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததை ஆற அமரக் கேளுங்கள்.

சில்வண்டு என் அறைத்தோழி. அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான். எழுந்தால் பாட்டு, தலை வாரினால் பாட்டு, வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தாலும் மூக்கால் ஒரு பாட்டு. விடுதியில் எனக்கு மருந்துப்பெட்டி என்று பெயர். யாருக்கு வயிற்றுவலி என்றாலும், யாரை யார் ஏமாற்றினாலும் எங்கள் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். சில்வண்டு மட்டும் என்னிடம் ஒரு மாத்திரைகூடக் கேட்டதில்லை.

"எனக்குத் தலைவலியே வராதுடி. உள்ள ஏதாவது இருந்தாத்தானே வலிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உருண்டு சிரிப்பாள்.

நாங்கள் இருவரும் பயன்பாட்டு உளவியல் மாணவிகள். இந்தப் பருவத்தில் செய்முறைப் பயிற்சி. "புத்தகத்துல படிச்சது போதும். பக்கத்துல கஷ்டப்படற ஒருத்தரைக் கண்டுபிடிங்க, அவங்க கூட நில்லுங்க" என்றார் எங்கள் மேடம். வகுப்பே கலைந்து ஓடியது. ஒருத்திக்கு வீட்டை நினைத்து அழுகிற முதலாண்டுப் பெண் அகப்பட்டாள். இன்னொருத்தி, மனைவியை இழந்த நூலகரை வளைத்துப் போட்டுக்கொண்டாள். சில்வண்டுகூட யாரோடும் பேசாத ஒரு தோட்டக்காரரைப் பிடித்துவிட்டாள், அவர் இப்போது அவளோடு சேர்ந்து தாளம் போடுகிறார். நல்ல துக்கங்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயின. எனக்கு மிஞ்சியது சில்வண்டுதான். அவளுக்கோ ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமை மாலைகளில் விடுதிக் கூடத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரவர் எழுந்து சொல்வோம். காரணத்தைத் தோண்டித் துருவுவது மரியாதை இல்லை என்பது எங்களுக்குள் இருக்கிற வழக்கம். சில்வண்டு பாடகர் குழுவில் ஒத்திகைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை நான் எழுந்தேன்.

"என் ரூம்மேட்டுக்காக ஜெபிங்க. என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

அவ்வளவுதான். அதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். என்னவென்று கேட்க முடியாததால் ஆளாளுக்கு மனசுக்குத் தோன்றிய ஒரு நோயை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள், நான் எதற்கும் பொறுப்பில்லை. சமையலறை அக்கா அவளுக்கு மட்டும் பால் கூடுதலாக ஊற்றி, "குடிம்மா, தெம்பு வேணும்ல" என்றார். பாடகர் குழுவை நடத்துகிற சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ உக்காந்தே பாடும்மா" என்றார். நீங்களும் சும்மா இருக்கவில்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நம் நடுவே சத்தமில்லாமல் போராடுகிற ஒரு மகளுக்காக என்று உருகி உருகி ஜெபித்தீர்கள். விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் சில்வண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளோ தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "எல்லாரும் ஏண்டி என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க?"

"எப்படிப் பாக்கறாங்க?"

"எனக்கு ஏதோ ஆயிட்ட மாதிரி."

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தேன். புத்தகத்தில் இல்லாதது, சொந்தச் சரக்கு. அதைச் சட்டென்று சொன்னால் ஆறுதல். பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்து நம் கைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னால் அது வேறு.

"உனக்கு ஒண்ணும் இல்லடி" என்றேன்.

அவள் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கியது.

பிறகு வேலை சுலபம். தூக்கத்தில் அழுதாய் என்று ஒருநாள் சொன்னேன். அழவில்லைதான். அவளுடைய சாவியைத் தலையணைக்கடியில் இருந்து எடுத்துச் செருப்புக்குள் வைத்தேன். தேடித் தேடிக் களைத்ததும் நானே எடுத்துக் கொடுத்து, "உனக்கு ஒண்ணும் இல்லடி" என்றேன். பட்டமளிப்பு ஆராதனையில் தனியாகப் பாட வேண்டியவள் அவள். ஒத்திகையில் முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்தினாள். "சார், என் குரல் நடுங்குதா?" என்று கேட்டாள். நடுங்கவில்லை என்று அவர் பதறிப்போய்ச் சொன்ன வேகத்திலேயே அவளுக்கு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு அறையில் பாட்டு இல்லை. பல் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்கும். தோட்டக்காரர் ஜன்னலுக்கு வெளியே வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் சில்வண்டு தானாகவே வந்து என் மடியில் தலை வைத்து, "நீ இல்லன்னா நான் என்னடி ஆவேன்" என்று அழுதாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல பசி.

பொறாமை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நான் பாடினால் கழுதைகூடக் கோபித்துக்கொள்ளும். அவளுடைய பாட்டு எனக்கு எதற்கு?

அவளை ஊருக்கு அழைத்துப்போக வந்த அவள் அம்மாதான் காரியத்தைக் கெடுத்தது. "எம்பொண்ணுக்கு என்னதான் சீக்கு? யாராவது ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லுங்க" என்று சமையலறையில் தொடங்கினார். அக்கா பாட்டு சாரைக் கைகாட்டினார், சார் உங்களைக் காட்டினார், நீங்கள் விடுதிப் பெண்களைக் காட்டினீர்கள், அவர்கள் என்னைக் காட்டினார்கள். எல்லோருக்கும் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும், உடம்புக்கு என்ன என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

என் அம்மாவையும் விசாரித்தீர்களாமே. அம்மா படுத்த படுக்கையாக இருந்தது உண்மை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் முழுக்க நான்தான் ஊட்டி, குளிப்பாட்டி, தலை சீவி, ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா என்று கூடவே இருந்தேன். நான் இங்கே படிக்க வந்த கொஞ்ச நாளிலேயே எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டாராம். இப்போது தையற்கடை வைத்திருக்கிறார், நீச்சல்கூடப் பழகுகிறாராம். எல்லாம் ஜெபத்தின் வல்லமை. என் போனை மட்டும் எடுப்பதில்லை, கடையில் கூட்டமாக இருக்கும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், நான்தான் செய்தேன். அவளுக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. இல்லாத நோயைத் தெரிந்தேதான், கொஞ்சம் கொஞ்சமாக, அவளுக்குக் கொடுத்தேன். வகுப்பில் எல்லோருக்கும் ஆள் இருந்தது, எனக்கும் ஒரு ஆள் வேண்டும் இல்லையா? சாப்பாடு ஊட்ட ஆசைப்படுகிறவள் முதலில் பசியைத்தானே உண்டாக்க வேண்டும்?

இதை அவளிடம் சொல்கிறேன். ஆனால் தனியாகத்தான் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உனக்கு ஒண்ணும் இல்லடி என்பேன். நீங்கள் சொல்லச் சொன்னதும் அதைத்தானே?

ஏன் ஐயா எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

ஓ. கதவு. திறந்தே இருந்திருக்கிறது. பேச்சு சுவாரஸ்யத்தில் அதை மறந்துவிட்டேன். பெஞ்சுக்கும் இதற்கும் பத்தடிகூட இருக்காதே.

அவள் அம்மா கேட்பது இங்கே நன்றாகக் கேட்கிறது. "என்னம்மா, தலை வலிக்குதா?"

"எனக்குத் தலைவலியே வராதும்மா" என்கிறாள் சில்வண்டு. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. கேளுங்கள், பாடக்கூட ஆரம்பித்துவிட்டாள். எழுந்து நடந்துகொண்டே பாடுகிறாள், சத்தம் படிக்கட்டுப் பக்கம் போகிறது. தோட்டத்தில் யாரோ தாளம் போடுகிறார்கள்.

பாவம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாள். வழியில் மயக்கம் வந்தால் யார் பிடிப்பார்கள்?

போகட்டும். நீங்கள் வந்து உட்காருங்கள். கோப்பையை வைக்கும்போதே கவனித்தேன், உங்கள் கை லேசாக நடுங்கியது. தூக்கம் சரியாக இல்லையோ? கையைக் கொடுங்கள். பயப்படாதீர்கள், ஐயா. உங்களுக்கு ஒண்ணும் இல்லை.