மூன்றாம் அங்கத்துத் தனிமொழி

— இந்த வரியை நான் பேச மாட்டேன், சம்பத்து. வேற ஆளைப் பாரு.

— அமிர்தவள்ளியக்கா, திரை ஏறப் போவுது. பேரணாம்பட்டு, வாணியம்பாடியில இருந்தெல்லாம் ஜனம் வந்து உக்காந்திருக்கு. இப்ப போய் மாட்டேன்னா எப்படி?

— "குடிவெறியில் கால் இடறிச் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தான்." இதானே எழுதியிருக்கே? என் தம்பி காசி சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்ல.

— நாடகத்துல அவன் காசி இல்லக்கா. கதாநாயகன்.

— தோல் கம்பெனியில வேலை. சுண்ணாம்புத் தொட்டியில சாவு. அக்காக்காரி நாடகக்காரி. அது யாருன்னு ஆம்பூருல எந்தக் குழந்தைக்குத் தெரியாது?

— இது டிராஜடி, சோக நாடகம். அதுக்குன்னு இலக்கணம் இருக்கு. காலேஜுல எங்க வாத்தியார் நடத்தினாரு. நாயகன் நல்லவனா இருக்கணும். ஆனா அவன்கிட்ட ஒரு பிழை இருக்கணும். அந்தப் பிழைதான் அவனை வீழ்த்தும். இலக்கணப்படி, பிழையே இல்லாதவன் செத்தா அது டிராஜடி இல்ல, வெறும் விபத்து.

— அதனால செத்தவன் வாயில சாராயத்தை ஊத்திட்டே.

— பார்க்கிறவங்களுக்குப் பயமும் இரக்கமும் பொங்கணும்க்கா. அழுது முடிச்சா மனசு சுத்தமாயிடும். சோக நாடகத்தோட பலனே அதான்.

— ஆமா, சுத்தமாயிடும். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குவாங்க. விடிஞ்சா அதே தொட்டி. வேற ஒருத்தியோட தம்பி.

— கத்தாதீங்க. படுதாவுக்கு அந்தாண்ட கேக்குது.

— கேக்கட்டுமே! மூணாம் அங்கத்துல நான் தனியா நின்னு பேசறேனே, அதுக்கு இன்னா பேரு சொன்னே?

— தனிமொழி. நாடகத்துல வர்ற மத்த பாத்திரம் யாருக்கும் கேக்காது. சபைக்கு மட்டும்தான் கேக்கும்.

— எனக்கு சபைக்குக் கேட்டாப் போதும். ஆள் விழாம இருக்கத் தொட்டி மேல போட்டிருந்த பலகை எங்க போச்சுன்னு கேக்கப் போறேன்.

— ஐயோ, வேணாம்க்கா! உங்க கால்ல விழறேன்.

— எழுந்திரு. இன்னாத்துக்கு இப்படிக் கெஞ்சறே? நிஜத்தைச் சொல்லு. வாத்தியார் சொன்னாருன்னுதான் அவனைக் குடிகாரன் ஆக்கினியா?

— இல்ல.

— அப்புறம்?

— பலகையை எடுத்துட்டு வேலையைச் சட்டுனு முடிங்கடான்னு சொன்னது எங்கப்பா. மேஸ்திரி சொன்னா யார் எதிர்த்துப் பேசுவா? விசாரணையில காசி குடிச்சிருந்தான்னு சாட்சி சொன்னதும் அவர்தான். முன்வரிசையில இன்ஸ்பெக்டர் உக்காந்திருக்காரு. நீங்க கேட்டீங்கன்னா அப்பாவை அப்படியே பிடிச்சிட்டுப் போயிடுவாங்க.

— தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுமா என்னைக் கேட்டீங்க?

— உன் வாயால வருதான்னு பார்த்தேன்.

— உங்ககிட்ட யாரு சொன்னது?

— பின்வாசல் வழியா வந்து, அந்தத் தட்டிக்குப் பின்னால அரிதாரம் பூசிக்கினு இருக்காரே, உங்கப்பா, அவரே சொன்னாரு. சர்க்கார் விசாரணையில நிஜத்தைச் சொல்ல வாய் வரலியாம், மேடையில சொல்றாராம். உன் நாடகத்துல மேஸ்திரி வேஷமே இல்லியாமே, அதைத் தானே கட்டறேன்னு கேட்டு வந்திருக்காரு.