சலவைக்கடைக்காரன் மனைவிக்கு வசனம் இல்லை

மேடையின் நடுவே நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, மதிப்பெண் போட மனம் கனிந்து வந்திருக்கும் நடுவர்களே, பெரியவர்களே, மடியில் பிள்ளையும் காதில் என் பேச்சுமாக இருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் கையில் கட்டோடு இருக்கும் என் அக்காவே, அவள் பக்கத்தில் இருக்கும் அத்தானே, அனைவருக்கும் வணக்கம்!

'நான் ரசித்த இறுதிக் காட்சி' என்று தலைப்புத் தந்தீர்கள். ஊரே ரசித்த தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். கொலைகாரச் சலவைக்கடைக்காரன் கூண்டில் நிற்கிறான். "சும்மா விளையாட்டுக்குத்தான் கழுத்தைப் புடிச்சேன், ஐயா!" என்கிறான். நீதிபதி சிரிக்கிறார். வழக்கறிஞர் சிரிக்கிறார். செத்தவனின் தம்பியும் சிரிக்கிறான்! விடுதலை! ஆகா, என்ன நீதி! என்ன நகைச்சுவை!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று எங்கள் வீட்டுக் கூடத்திலும் சிரித்தார்கள். அத்தான் தொடையைத் தட்டி, "ஆம்பளைன்னா இவன்தான்யா!" என்றார்.

நான் கேட்கிறேன்: தொடர் முழுக்க அவன் சட்டையில் இரத்தக் கறையைக் கசக்கிய மனைவி எங்கே? கடைசியில் வந்தாள். விடுதலையானவனுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டாள். வாயைத் திறந்தாளா? எழுதிய மகாமேதைகளுக்கு அவளுக்கென்று ஒரு வரி எழுத மை இல்லையா? மனம் இல்லையா?

தொடர் முடிந்ததும் அம்மா, அக்காவின் கைக்கட்டைக் காட்டி, "என்ன மாப்பிள்ளை இது?" என்று கேட்டாள். அத்தான் அதே குரலில், "சும்மா விளையாட்டுக்குத்தான் அத்தை கையைப் புடிச்சேன்" என்றார். கூடமே சிரித்தது. ஒரு மணி நேரம் சிரித்துப் பழகிய வாய் அல்லவா? அம்மாவும் சிரித்துவிட்டாள். "நாளன்னிக்குக் காலைல கூட்டிட்டுப் போங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த நாள், நாளைதான்.

உட்காருங்கள் அத்தான். இன்னும் மணி அடிக்கவில்லை. எனக்கு நேரம் இருக்கிறது.

நேற்றே சமையலறையில் அக்கா என் காதில் ஒன்று சொன்னாள். "நான் போகமாட்டேன்டி. போனா அடுத்த தடவை கையோட நிக்காது."

அந்த மனைவிக்கு எவரும் எழுதாத வசனம் இதுதான். காதோடு சொன்னதை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். இனி இது அடுப்படிப் பேச்சு அல்ல. இந்த அரங்கமே கேட்ட பேச்சு. நாளை எவரும் "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது. அம்மா, நீயும்தான்.

பரிசு வேண்டாம். கேட்டீர்கள், அதற்கே நன்றி. கேட்ட அத்தனை சாட்சிகளுக்கும் என் வணக்கம்.