பதினேழாவது ஒப்பாரி

தேநீருக்கு நன்றி, ஐயா. எங்கள் கடைத் தேநீரைவிட இது எவ்வளவோ மேல்.

ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்த ஃபைல் உடனே போய்விடாது. பட்டியலிலிருந்து பெயர் மட்டும்தான் போகும். அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை உள்ளே அப்படியே கிடக்கும். பிஷ்கெக் நகரத்தில், ஓஷ் சந்தைக்குப் பின்னாலிருக்கும் நிலவறைக் கடையில் ஆறு வருடமாக என் பிழைப்பு இதுதான்.

சல்தனாத் என் கல்லூரித் தோழி. சித்தப்பா மகனின் கல்யாண வீடியோவுக்கு இடம் தேடப் போய், ஆய்வுப் பதிவுகள் இருந்த டிஸ்க்கைத் துடைத்துவிட்டாள். தெரிந்த உடனே அதில் வேறெதையும் ஏற்றாமல் கழற்றி, ஒரு பை போர்சோக் பலகாரமும் பொரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"புருலாய், ஏழு வருஷ வேலைடி. எங்கப்பாகிட்டகூட இன்னும் சொல்லல."

"கல்யாணப் படமாவது தப்பிச்சுதா?"

"அந்தச் சனியன் பத்திரமா இருக்கு." அழுகையோடு சிரித்தாள்.

அதையும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பதிவுகள் எல்லாம் ஒப்பாரி. கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எங்கள் பெண்கள் பாடுவது. நாரின் மலைப்பக்கத்தில் நாற்பத்தோரு பேர் பாடியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர்தான் இன்று உயிரோடு இருக்கிறார்கள். மூன்று நாளில் எல்லாவற்றையும் மீட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை. என் வேலை சுத்தமாக இருக்கும்.

பதினேழாவது என் அம்மா. அந்த மூன்று பேரில் அம்மா இல்லை. அப்பாவின் வருட நினைவுக்குப் பாடியது. நான் விடுதியில் பாத்திரம் கழுவும் வேலைக்கு விடுப்புக் கிடைக்காமல் நகரத்திலேயே இருந்தேன். சல்தனாத் தன் அப்பாவின் காரில் போயிருந்தாள். பாட்டு முடிந்ததும் அவள் கேட்பது பதிவாகியிருக்கிறது.

"ஒங்க பொண்ணும் பாடுவாளாம்மா?"

"அவளுக்கு எதுக்கும்மா இந்த அழுகை? அவ வாத்தியாரம்மா ஆகப்போறவ."

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் மதிப்பெண்ணுக்குத் தரும் சிவப்பு அட்டைப் பட்டயம் எனக்கு வந்தது. விரிவுரையாளர் வேலை அவளுக்குப் போனது. அவளிடம் பதிவுகள் இருக்கின்றன என்றார்கள். என் வீட்டுச் சாவு அவளுக்குத் தகுதியாகிவிட்டது.

அம்மாவை இரண்டு முறை கேட்டேன். பிறகு டிஸ்க் நிரம்பும்வரை கல்யாண வீடியோவைத் திரும்பத் திரும்ப ஏற்றினேன். மீட்டு வைத்த பிரதியின் மேலும் அதையே ஏற்றினேன். மாப்பிள்ளை நன்றாக ஆடுகிறார்.

"ஒண்ணும் தேறலடி" என்று கொடுத்தேன்.

"என் வேலை போனா போவுது. அந்தக் கிழவிங்களுக்கு நான் என்னடி பதில் சொல்வேன்?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கம்மாவும் அதுல இருந்தாங்க. மன்னிச்சிருடி."

மன்னித்தேன்.

மீட்ட ஃபைல்களின் பெயர்ப்பட்டியல் கணினியிலேயே தங்கிவிட்டது. முதலாளி அதை எடுத்து உங்களிடம் கொடுத்துவிட்டார். மறுக்க ஒன்றுமில்லை. பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைக்காரி தன் அம்மாவின் குரலையாவது ஒதுக்கி வைத்திருப்பாள். நான் ஓரவஞ்சனை பார்க்கவில்லை.

வாக்குமூலத்துக்குக் கையெழுத்து இங்கேதானே?

சல்தனாத் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த இடத்துக்கு எப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா, ஐயா?