கடலை மடித்த அட்டை

அந்த அட்டையில் கடலை மடித்தால் கொட்டாது, சார். கம்ப்யூட்டர் படிப்பதற்காகப் போட்ட ஓட்டைகள் சின்னவை; உப்பு மட்டும் கொஞ்சம் உதிரும். திரேஸ்புரத்தில் சீனித்தாய் கடையில்தானே வாங்கினீர்கள்? அந்த அட்டைக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்றும் அவள் சொல்லியிருப்பாள். விளிம்பில் இருக்கும் சிவப்புக் கோடு அம்புரோஸ் அண்ணாச்சி போட்டது. அட்டைகள் சிதறினாலும் வரிசை தெரியட்டும் என்று சாய்வாக இழுத்திருப்பார்.

எங்கள் தோணி ஏஜென்சியின் கம்ப்யூட்டர் அறையில் அவர் எனக்கு மூத்தவர். எந்தத் தோணியில் எத்தனை டன் ஏற்றலாம் என்று சொல்லும் புரோகிராமை இருநூறு அட்டையில் எழுதியிருந்தார். நான் அதை நூற்றிருபதில் எழுதினேன். நாசரேத்தில் படித்தவன்; சுருக்கமாகச் சொல்லத் தெரியும். திங்கட்கிழமை மேனேஜர் பார்த்துவிட்டு, அறைப் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்வதாக இருந்தார்.

புதுசு வந்ததும் பழசைத் தூக்கிப் போடக்கூடாது. இரண்டையும் ஓட்டி, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கழிக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அண்ணாச்சிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. என் கட்டை ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினார்.

"ஏலே ஜெபசிங், வாடைக்காத்துக்குப் பாரம் குறைக்கிற ஏழு அட்டையும் இதுல இல்லியே. பழசையும் ஓட்டிப் பாத்துட்டு மரியானுக்குப் பாரச் சீட்டு குடு."

மரியான் கொழும்புத் தோணியை ஓட்டும் தண்டல்; அண்ணாச்சியின் தங்கை புருஷன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பாரம் கூடுதலாகத் தெரிகிறதே என்றான். கம்ப்யூட்டர் சொன்னது என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு ஏற்றப் போனான். மறுநாள் அண்ணாச்சி பழைய கட்டைக் கேட்டார். கழித்தாயிற்று என்றேன். தோணி அதற்குள் போயிருந்தது.

அது கொழும்பு போய்ச் சேரவில்லை. மரியானோடு ஆறு பேர்.

விசாரணையில், பழைய கட்டைக் கொண்டுதான் சீட்டு போட்டேன், பிழை வெளியே தெரியாதிருக்க அண்ணாச்சியே அதை எரித்துவிட்டார் என்று சொன்னேன். கட்டு இல்லாமல் அவரால் மறுக்க முடியவில்லை. அவர் வேலை போயிற்று. தங்கை இப்போது அவர் முகத்தில் விழிப்பதில்லையாம். கேட்கும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவசரப்பட்டுக் கழித்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். மரியான் சீட்டுக்காக ஜன்னலில் காத்து நின்றபோதே பழசையும் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது டன் குறைக்கச் சொன்னது. அதைப் படித்த பிறகுதான் அவனிடம் சீட்டைக் கொடுத்தேன். கட்டைக் கடலைக் கடைக்குக் கொடுத்தது அதற்கும் பிறகு. நான் முறை தவறியதே இல்லை.