வித்த காயி கூடைக்கு வருமா

“இது இன்னிக்குக் காலையில கட்டினது, டீச்சரம்மா.”

“போன வெள்ளிக்கிழமையே சொல்லிட்டே, தனக்கொடி.”

“போன வெள்ளிக்கிழம சொன்னது தராசுப் பாட்டு. இது வேற, இது...”

“இதையும்தான் சொன்னே. எல்லாரும் கேட்டோமே.”

“இல்லியே, பஸ்ல வரும்போதுதானே கடைசி வரி...”

“சொல்லிட்டே.”

தொடக்கம் இவ்வளவுதான். என் வீட்டுக் கூடத்தில் அன்று ஏழு பேர் இருந்தார்கள். கோபிநாத் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். நீங்களும் கேட்டீர்கள் அல்லவா என்று அவரிடம் கேட்டேன். கேட்ட மாதிரிதான் இருக்கிறது என்றார். பாக்கியலட்சுமியும் தலையாட்டினாள். கவிதைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கவிதை கேட்பதில்லை, தங்கள் முறை வரக் காத்திருப்பார்கள். அது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அன்று உதவியது.

எழுதிக்கொள்ளுங்கள், ஹேமலதா. நீங்கள் சப்-இன்ஸ்பெக்டர் என்றாலும் உங்கள் வயதுப் பெண்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாடம் சொன்னவள் நான், மெதுவாகவே சொல்கிறேன். பெயர் சூசைமேரி. முப்பத்திரண்டு வருடம் பிரெஞ்சு ஆசிரியை. ஓய்வுபெற்ற பிறகு, வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் வீட்டில் கவிதைக் கூட்டம் நடத்தினேன். அங்கே நான் கற்றுக்கொடுத்தது திரியோலே. பிரெஞ்சுக்காரன் வடிவம், எட்டே வரி. முதல் வரி நான்காவது இடத்தில் திரும்பி வரும், ஏழாவதில் மறுபடி வரும். இரண்டாம் வரி கடைசியில் வந்து முடிக்கும். ஒரே சொற்கள்தான், ஆனால் மூன்றாம் தடவை வரும்போது கேட்பவர் காதில் அவை வேறாக விழ வேண்டும். இந்த ஊரில் இதைத் தமிழில் முதலில் செய்தவள் நான். கூட்டத்தில் எல்லோரும் எழுத ‘சொல்லின் வலிமை’ என்று தலைப்புக் கொடுத்தவளும் நான்தான்.

தனக்கொடி பெரிய மார்க்கெட்டில் காய்கறி விற்றவள். நெல்லித்தோப்பில் வீடு. அவளிடம்தான் நான் காய் வாங்குவேன். வெண்டைக்காய் கூவுகிற தொண்டை கவிதை சொன்னால் எப்படி இருக்கும், கூட்டத்துக்கு ஒரு சிரிப்பாவது கிடைக்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். நான் எதையும் மறைக்கவில்லை, பாருங்கள்.

அவளுக்கு எழுத்து எறும்பு ஊர்வது போல வரும். அதனால் எழுத மாட்டாள். தலைக்குள்ளேயே கட்டி, தலைக்குள்ளேயே வைத்திருந்து, வாயால் சொல்லுவாள். எந்த வீட்டுக்கு என்ன காய், யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று நாற்பது வருடம் எல்லாவற்றையும் தலையில் சுமந்தவள். அந்த ஞாபகசக்தியில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இரண்டாவது வெள்ளிக்கிழமையே இதைச் சொன்னாள்:

சொன்ன சொல்லு திரும்பி வராது
வித்த காயி கூடைக்கு வருமா
கூவின தொண்டை கூலியும் பெறாது
சொன்ன சொல்லு திரும்பி வராது
கெஞ்சிக் கூப்பிடு, காதுல விழாது
எவளோ வீட்டுல கொதிக்குது குழம்பா
சொன்ன சொல்லு திரும்பி வராது
வித்த காயி கூடைக்கு வருமா

திரும்பி வராது என்கிற வரி மூன்று தடவை திரும்பி வருகிறது. கூட்டத்தில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. ஆனாலும் கோபிநாத் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். ஆறு வருடத்தில் என் கவிதை எதற்கும் அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்ததில்லை.

குழம்பு கொதிப்பதெல்லாம் கவிதையா என்று கேட்டேன்.

“கொதிக்கலன்னா பச்சையாத்தான் தின்னணும், டீச்சரம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு ஒரு சிரிப்பு வேண்டும் என்று நானேதானே ஆசைப்பட்டேன்.

அடுத்த மாதம் நடந்ததுதான் முதலில் சொன்ன பேச்சு. முதல் தடவை என்னோடு மல்லுக்கு நின்றாள். அடுத்த வாரம் புதிதாக ஒன்றைச் சொன்னபோது ‘சொல்லிட்டே’ என்று அதே வரியைத் திருப்பிச் சொன்னேன், யோசித்தாள். மூன்றாம் வாரம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, இதை நான் சொல்லிவிட்டேனா என்று அவளே கேட்டாள். பாடம் நன்றாக ஏறியிருந்தது.

பிறகு, தேதி போட்டு நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். எழுதினேன், ஒரு வாரம் முந்தைய தேதி போட்டு. அவள் சந்தேகப்படும்போதெல்லாம் நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். படிப்பில்லாதவர்களுக்கு எழுத்தின்மேல் இருக்கிற பக்தி படித்தவர்களுக்குக் கிடையாது. தன் தலையா, என் நோட்டா என்று வந்தபோது அவள் நோட்டையே நம்பினாள். விரலால் அந்தத் தேதியைத் தடவிப் பார்த்துவிட்டு, “என் ஞாபகமெல்லாம் இனிமே உங்க நோட்டுலதான் இருக்கு, டீச்சரம்மா” என்றாள். அதற்கப்புறம் புதிதாக எதுவும் கட்டவில்லை.

யாருக்காவது காயை மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில், மார்க்கெட்டில் உட்காரும் இடத்தையும் நாத்தனாருக்கு விட்டுக்கொடுத்தாள். மகன் செல்வகுமார் டாக்டரிடம் கூட்டிப்போனான். வயசானால் அப்படித்தான் என்றாராம். படித்தவர்களும் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார்கள். செல்வகுமாருக்குச் சேதராப்பட்டில் ஃபேக்டரி வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியம்தான் வருவான். யார் என்ன சொன்னார்கள் என்று அம்மா திரும்பக் கேட்டுக்கொள்ளட்டும் என்று, பேச்செல்லாம் தானாகப் பதிவாகிற போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். நீங்கள் போட்டுக் காட்டும்வரை அது எனக்குத் தெரியாது.

அவளுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் ஒரே ஒரு இன்சுலின் ஊசி. பத்து வருடமாகத் தானே போட்டுக்கொண்டவளுக்கு அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. போட்டதும் எனக்குப் போன் செய்வாள், நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். சில நாள் மறுபடி கூப்பிட்டு, போட்டுவிட்டேனா என்று கேட்பாள். போட்டுவிட்டாய் என்பேன். நான்கு மாதம், ஒரு நாள் தவறாமல், சரியாகவே சொன்னேன். அதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை, நீங்களாவது எழுதுங்கள்.

கூட்டத்தார் சேர்ந்து சின்னதாக ஒரு புத்தகம் போட முடிவு செய்தார்கள். போன புதன்கிழமை கோபிநாத் அச்சுப்படியைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் ‘வித்த காயி’. நான் பதினான்காம் பக்கத்தில். பின்னட்டையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், காப்பிக்கு.

“பாவம், அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. பாட்டாவது நிக்கட்டும், டீச்சர்” என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தனக்கொடி கூப்பிட்டாள். ஊசி போட்டுவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்றேன். நோட்டைத் திறக்கவில்லை.

ஆறரைக்கு மறுபடி கூப்பிட்டாள்.

“டீச்சரம்மா, ஊசி போட்டுட்டேனா?”

“நீ இன்னும் போடல, தனக்கொடி.”

ஏழு மணிக்குக் கூப்பிட்டபோது, வேர்க்கிறது, கை நடுங்குகிறது, போட்டுவிட்டேனா பாருங்கள் என்றாள். நோட்டில் பார்த்துச் சொன்னேன். அன்றைய தேதியில் ஒன்றுமே இல்லை, அது உண்மைதானே.

“நீ இன்னும் போடல, தனக்கொடி.”

ஏழரைக்குக் குரல் சரியாக வரவில்லை. டீச்சரம்மா என்பது மட்டும்தான் புரிந்தது. அவள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன், நான் யார் பேச்சிலும் குறுக்கிடுவதில்லை.

“நீ இன்னும் போடல, தனக்கொடி.”

மூன்றாம் தடவை அது எனக்கே வேறாகக் கேட்டது. மதியம் செல்வகுமார் வந்து பார்த்தபோது, பக்கத்தில் ஒன்றுக்கு மூன்று நான்காகக் காலி ஊசிகள் கிடந்ததாகச் சொன்னான்.

நான் அவளைத் தொடவில்லை. நெல்லித்தோப்புக்குப் போனதும் இல்லை. ஆனால் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு தரம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஒருத்தியாவது வேண்டாமா? அவள் பாட்டெல்லாம் கேட்ட அன்றைக்கே மறந்துபோகிற சரக்கு. ‘கல்லு வச்சு நிறுத்தின பேச்சு, கை தவறி விழுந்தாலும் உடையாது’ என்று ஒன்று. ‘ஒரு வார்த்த கேட்டா ஒரு கீரக்கட்டு, வாடினாலும் தண்ணி தெளிச்சா நிமிரும்’ என்று இன்னொன்று. குறை தெரியட்டும் என்றுதானே இரண்டையும் எட்டு வரியும் விடாமல் இப்போது சொல்லிக் காட்டினேன். மார்க்கெட் இரைச்சல், வேறொன்றும் இல்லை. நான் இருநூறு திரியோலே எழுதியிருக்கிறேன். அத்தனையும் சொல்லின் வலிமையைப் பற்றி, அத்தனையும் இலக்கணம் வழுவாமல்.

ஏன் பேனாவை மூடுகிறீர்கள், ஹேமலதா?

“அந்தம்மா பாட்டு மூணு, நோட்டப் பாக்காமலே சொல்லிட்டீங்க. உங்களுதுல ஒண்ணு சொல்லுங்க, டீச்சர்.”