சிவப்பைப் பார்த்து வா

— தண்ணி இடுப்பளவு ஓடுது மாப்பிள்ளை. பாலம் எங்க, ரோடு எங்கன்னே தெரியல. கதவை நல்லா இழுத்துச் சாத்து, சாரல் அடிக்குது.

— முழுசா நனைஞ்சுட்டீங்களே மச்சான். இந்தாங்க துண்டு. அது சரி, லாரியை மெதுவா உருட்டினா தாண்டிடலாமா?

— கேட்டுக்க. ஓடுற தண்ணிகிட்ட வீரம் காட்டுனவன் எவனும் திரும்பி வந்து கதை சொன்னதில்ல. வடியுற வரைக்கும் இங்கதான்.

— மத்தியானம் மணி மூணுதான் ஆகுது. கண்ணுல குத்தினாலும் தெரியாத இருட்டு.

— உன் கவலை இருட்டா, பின்னால இருக்கிற பீரோவா?

— தார்ப்பாய் இறுக்கித்தானே கட்டியிருக்கீங்க?

— பீரோவுக்குச் சளி பிடிக்காது, விடு. என் தங்கச்சியைக் கட்டி நாலு வருஷத்துல மூணு வீடு மாத்திட்ட. ஒரு தடவையாவது வெயில் நாளாப் பார்த்து மாத்தியிருக்கியா?

— வீட்டுக்காரர் இன்னைக்கே காலி பண்ணுன்னுட்டார். மழையைக் கேட்டுக்கிட்டா கிளம்ப முடியும்? அது சரி மச்சான், உங்க தங்கச்சி வர்ற வேனைக் காணோமே?

— ஆட்டு மந்தை குறுக்க வந்துச்சுல்ல, அதுல சின்னவன் பின்தங்கிட்டான். வந்துருவான்.

— போன் போகவே மாட்டேங்குது. அவ மடியில கைக்குழந்தை வேற. சின்ன மச்சான் பார்த்து ஓட்டுவார்ல?

— எங்க பார்க்கிறது? மழை வந்தா அவனுக்குக் கண்ணு பாதிதான். கண்ணாடி போடுடான்னா, பொண்ணு பார்க்கப் போறப்ப எவன் கண்ணாடியோட போவான்னு கேக்கிறான்.

— இதை இப்பச் சொல்றீங்களே!

— பதறாத. பன்னெண்டு வருஷமா ஒரே வழக்கம்தான். மழைன்னா நான் முன்னால, அவன் பின்னால. என் வண்டி சிவப்பு லைட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு வருவான். சிவப்பு எரியுதுன்னா நான் ஓடிக்கிட்டிருக்கேன், அவனும் தைரியமா வரலாம். ரோட்டைக்கூடப் பார்க்க மாட்டான்.

— நீங்க நின்னுட்டா?

— அணைச்சுடுவேன். அதுக்குன்னே பின் லைட்டுக்குத் தனி சுவிட்ச் வச்சிருக்கேன். டேஷ்போர்டுக்கு அடியில, உன் முட்டிக்கிட்ட டேப் சுத்தி இருக்கே, அதான். வளைவு திரும்பினதும் சிவப்பு தெரியலேன்னா அங்கேயே நின்னுடுவான். இந்த இறக்கத்துல ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்.

— மச்சான்...

— கேட்டுக்க, அந்த வேனுக்குப் பிரேக் நனைஞ்சா பிடிக்காது. அதனாலதான் தண்ணி பார்க்க இறங்கும்போதே முதல் வேலையா அணைச்சேன்.

— மச்சான், ஒரு நிமிஷம்...

— இரு இரு. சைடு கண்ணாடியில வெளிச்சம் தெரியுது. ஒத்தை ஹெட்லைட்டு, அவனேதான். பாரு, இப்ப நிப்பான்.

— மச்சான், நான் சொல்றதை...

— என்னடா இது, நிக்கலையே! இறக்கத்துல இறங்கிட்டானே! சிவப்பு இல்லாம எதைப் பார்த்து வர்றான்?

— உங்க கை பட்டு அந்தச் சுவிட்ச் அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன் மச்சான்... இருட்டுல எவனாவது வந்து முட்டிடுவானோன்னு, நீங்க இறங்கினதும் நான்தான் மறுபடியும் போட்டு விட்டேன்.