நைலான் நரம்பு பற்றி இறந்தவரின் மனைவி சொன்னது

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியுள்ளபடி. வயது நாற்பத்தாறு. ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இறந்துபோனவர் என் கணவர், லிஃப்ட் மெக்கானிக். இந்த ஸ்டேஷன் உள்ளே பெஞ்சில் உட்கார வைத்திருப்பவர் என் கொழுந்தன், டெலிவரி வேன் ஓட்டுபவர். நாங்கள் கீழ் வீடு, அவர் மாடி.

சொத்துத் தகராறு உண்டா என்று கேட்டதற்கு, கிடையாது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இஸ்திரிப்பெட்டி ஒன்றுதான், அதற்குக்கூடச் சண்டை வந்ததில்லை. தூண்டில் விஷயத்தில் மட்டும் இருவரும் கீரியும் பாம்பும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையில் மூவரும் மீன் பிடிக்கக் கடலோர அலைத்தடுப்புச் சுவருக்குப் போனோம். என் கணவர் பெரிய மீனுக்காக மரத்தில் செய்த பொய்மீனைக் கட்டி எறிவார். அது சோப்புக்கட்டி அளவுக்குக் கனம். அவ்வளவு கனத்தை எறிகிற வேகத்திலேயே மெல்லிய நரம்பு அறுந்துவிடும் என்பதால் தடித்த நைலான் நரம்புதான் போடுவார். கொழுந்தன் அதற்குப் பதிலாகப் பின்னல் நூல் வாங்கி வந்திருந்தார். அது மெல்லியது, ஆனால் அறாது, இழுத்தாலும் நீளாது. என் கணவர் அதைத் தொடக்கூட இல்லை. நீளாத கயிறு ஆளைக் கொல்லும், கொஞ்சம் நீண்டு கொடுக்கிற கயிறுதான் காப்பாற்றும் என்பது அவர் லிஃப்ட் வேலையில் படித்த பாடம். கடலுக்கும் அதையே சொன்னார். கொழுந்தன், நீளுகிற நரம்பு பாறையில் மாட்டினால் உண்டிவில் மாதிரி திருப்பி அடிக்கும் என்றார்.

அதன் பிறகு வாய்ச்சண்டை முற்றி, அங்கே காவலுக்கு இருந்த காவலாளி கேட்டதாகச் சொல்லும் வார்த்தையைக் கொழுந்தன் சொன்னது உண்மை. "அப்ப அந்த ரப்பரைக் கட்டிக்கிட்டே செத்துத் தொலை!" என்றார். அதற்கு என் கணவர் சிரித்துக்கொண்டே, "சாகறதுக்கு முன்னாடி ஒரு டீ ஊத்துடா" என்றார். இதைக் காவலாளி ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்வதே அப்படித்தான்.

அதன் பிறகு கொழுந்தன் என் பக்கத்தில் வந்து நின்று டீ ஊற்றினார். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் டம்ளர். அப்போது பொய்மீன் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. என் கணவர் அதை விட மனசில்லாமல் கம்பைத் தாழ்த்தி, பின்னால் சாய்ந்து நேராக இழுத்தார். கொழுந்தன், "அறுத்து விடுண்ணே! மூஞ்சியத் திருப்பு!" என்று கத்தினார். "கொடுக்குதுடா, கொடுக்குது" என்றார் இவர். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அது பாறையை விட்டு வந்ததை நான் பார்க்கவில்லை. நெற்றிப்பொட்டில் பட்ட சத்தம் கேட்டது. அவர் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். தம்பியைக் கேலி செய்ய நடிக்கிறார் என்று நினைத்து, "எழுந்திருங்க, டீ ஆறிடும்" என்று சொன்னேன். ஐயோ, அதைத்தான் சொன்னேன். ரத்தம் அதிகம் இல்லை. கொழுந்தன் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள்.

அங்கே தரையில் உட்கார்ந்து கொழுந்தன் என்னிடம், "பொறந்ததுலேருந்து நான் சொன்ன ஒண்ணையாவது கேட்டானா அண்ணி? இதை மட்டும் கேட்டுட்டானே" என்றார். அதிலிருந்து யார் கேட்டாலும், நான்தான் கொன்றேன் என்கிறார். அது வாக்குமூலம் இல்லை, அழுகை. இப்போது எதை எழுதி நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆகையால் இன்று அவரிடம் எதுவும் எழுதி வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'முன்விரோதம்' என்று இருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றது எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. காலையில் இரண்டு பேரோடு கிளம்பினேன். ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒருவரை இங்கிருந்தும் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

(ஒப்பம்)